கடையில் மூன்று கணினி, ஒரு கிழட்டுப் பிரிண்டர்: லினக்ஸுக்கு மாறலாமா?

ஜெராக்ஸ்_ஸ்ரீராமபுரம் · ஞாயிறு, இரவு 10:20

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு அப்டேட் நின்றுபோனது. அதற்குப் பிறகும் அதையேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வருகிறவர்கள் நீட்டும் பென் டிரைவ்களைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. பாதிக்குப் பாதி ஷார்ட்கட் வைரஸ்.

கடையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் ஒரு டெஸ்க்டாப்: ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், எப்போதோ மாட்டிய ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு. அப்புறம் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஏழாம் தலைமுறை. இரண்டுக்குமே விண்டோஸ் 11 கிடையாது என்று சொல்லிவிட்டது. மூன்றாவது மகளின் காலேஜ் லேப்டாப், பதினோராம் தலைமுறை. அதில் விண்டோஸ் 11 நன்றாகவே இருக்கிறது, ஆனால் படிப்புக்கு லினக்ஸும் வேண்டும் என்கிறாள். சாயங்காலம் கடையில் பில் போடுவதும் அதில்தான்.

நெட்வொர்க்கில் ஒரு பெரிய ஜெராக்ஸ் மிஷின் இருக்கிறது. யுஎஸ்பியில் ஒரு பழைய லேசர் பிரிண்டர், பதினைந்து வயதுக்கு மேல் ஆகிறது, இன்னும் சோறு போடுகிறது. ஸ்கேனர் கேனான் லைடு 110. இதில் எது லினக்ஸில் ஓடும், எது படுத்துவிடும்? கடையை இரண்டு நாள் மூடினால் வாடகைக்குச் சிக்கல், அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

சும்மா_சொல்றேன் · ஞாயிறு, இரவு 10:41

அண்ணா, எதற்கு இந்த வேலை? நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓடும். இல்லையென்றால் ரூஃபஸ் என்ற, இன்ஸ்டால் பென் டிரைவ் தயாரிக்கும் மென்பொருளில் ஒரு டிக் போட்டு, சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றிக்கொள்ளுங்கள். நான் மூன்று மெஷினில் செய்திருக்கிறேன்.

பென்குயின்_அக்கா · ஞாயிறு, இரவு 11:15

தம்பி சொல்கிற முதல் வழி நியாயமானது. யோசிக்க அவகாசம் கிடைக்கும். இரண்டாவது வீட்டுக் கணினிக்குச் சரி, கடைக்கு வேண்டாம். ஆதரவு இல்லாத மெஷினுக்கு அடுத்த அப்டேட் வருமா வராதா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு ஏற்காது.

ஜெராக்ஸ் அண்ணா, "லினக்ஸ் ஓடுமா" என்று கணினியின் பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் சிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விண்டோஸில் டிரைவர் என்பது கம்பெனி சிடியிலோ வெப்சைட்டிலோ வரும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னல் என்ற அதன் மையப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. உங்கள் கர்னல் வெளியான தேதிக்கு முன்னால் அந்தச் சிப்புக்கு டிரைவர் சேர்ந்திருந்தால் மாட்டியதும் ஓடும், சேரவில்லையென்றால் தேடி அலைய வேண்டும். அதனால் லினக்ஸுக்குப் பழைய லேப்டாப் தொல்லையில்லை, போன மாதம் வந்த லேப்டாப்தான் தொல்லை. உங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் இரண்டும் பதமாக வெந்த சோறு.

டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) எல்எஸ்பிசிஐ -என்என் (lspci -nn) என்று அடித்தால் ஒவ்வொரு சிப்புக்கும் நான்கு இலக்கத்தில் இரண்டு அடையாள எண்கள் வரும்: முதலாவது கம்பெனியுடையது, இரண்டாவது சிப்புடையது. அந்த இரண்டையும் சேர்த்து வைத்துத் தேடுங்கள், லேப்டாப் மாடலை வைத்து வேண்டாம். இன்டெலின் எண் 8086. 1978இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற சிப்பின் பெயரையே அடையாள எண்ணாக வாங்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் 8086 நிறைய தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

எதையும் அழிக்காமல் லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென் டிரைவ்) பூட் செய்து பாருங்கள். லினக்ஸ் வகைகளில் மின்ட் 22 போதும். வைஃபை, சத்தம், மைக், கேமரா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிரிண்டரையும் அதே லைவ் பென் டிரைவில் மாட்டிப் பாருங்கள். உங்கள் கடையில் பரீட்சையே பிரிண்டருக்குத்தான்.

எஸ்பிரோடு_ரிப்பேர் · திங்கள், காலை 9:05

அக்கா சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. பழைய லேப்டாப் வாங்க எஸ்.பி. ரோட்டுக்கு வருகிறவர்கள் பாக்கெட்டில் லைவ் பென் டிரைவ் வைத்துக்கொண்டு வாருங்கள். "ஒருமுறை பூட் செய்து பார்க்கிறேன்" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். மறுத்தால் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது. சிக்பேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்.

யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குகிறவர்கள் பெட்டியின் பின்பக்கம் பதிப்பு எண் என்ன என்று கட்டாயம் பாருங்கள். டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் மாடலில் முதல் பதிப்புக்குள் அதெரோஸ் சிப், இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப். பெயரும் பெட்டியும் ஒன்றுதான். முதலாவது லினக்ஸில் மாட்டியதும் ஓடும் என்று படித்துவிட்டு மூன்றாம் பதிப்பை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

லேப்டாப்பின் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு தகராறு செய்தால் பெரும்பாலும் அதையே மாற்றிவிடலாம். ஒரே ஒரு திருகு, இரண்டு ஆன்டெனா வயர். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போன்றவை சாதாரண பிசிஐ வகை, பெரும்பாலானவற்றில் ஓடும். ஏஎக்ஸ்201 என்று கடைசியில் 1 வருவதை வாங்காதீர்கள். அதன் பாதி வேலையை இன்டெல் பிராசஸரே செய்ய வேண்டும், பொருத்தமான பிராசஸர் இல்லாவிட்டால் அது வெறும் தகடு.

கேஜிஎஃப்_பாசஞ்சர் · திங்கள், காலை 9:48

மாரிக்குப்பம் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், சிக்னல் போனால் மன்னிக்கவும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் கேளுங்கள். புது லேப்டாப் வாங்கினேன், வைஃபை சிப் ரியல்டெக் 8852பிஇ. அதற்கான டிரைவர் கர்னல் 6.2இல் சேர்ந்துவிட்டது. நானோ டிராயரில் கிடந்த பழைய மின்ட் 21 பென் டிரைவை எடுத்துப் போட்டேன். அதில் கர்னல் 5.15. வைஃபை என்ற பட்டனே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ஏதேதோ டிரைவரை இழுத்துக் கம்பைல் செய்து பார்த்தேன், அடுத்த கர்னல் அப்டேட்டில் அதுவும் போய்விட்டது. மறுநாள் மின்ட் 22 போட்டேன், கர்னல் 6.8, பூட் ஆனதும் பக்கத்து வீட்டு வைஃபை வரை வரிசையாகத் தெரிந்தது. ஒரு ராத்திரித் தூக்கத்தை ஒரு பழைய பென் டிரைவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

வைஃபை இல்லாதபோது நெட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை வயரில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை லேன் கேபிள் மாதிரி எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம்.

இரண்டாவது முட்டாள்தனம்: என்விடியா டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. வைத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை. விண்டோஸ் பழக்கம், நீலத்தைக் கண்டாலே பயம். கன்டினியூ என்று அழுத்திவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, செக்யூர் பூட் (அனுமதி இல்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) இருக்கிற மெஷினில் அந்த டிரைவரின் சாவியைப் பதிவு செய்யத்தான் அந்தத் திரை. "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்து, வைத்த பாஸ்வேர்டைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரே ஒருமுறைதான் வரும். தவறவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது, மறுபடி முதலிலிருந்து.

ஜெராக்ஸ்_ஸ்ரீராமபுரம் · திங்கள், இரவு 11:30

கடை மூடியபின் உட்கார்ந்து பார்த்தேன். ரிசல்ட்:

செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் எல்லாமே ஓடியது. கைரேகை சென்சார் மட்டும் இல்லை, அதை நான் எப்போதும் தொட்டதுமில்லை. ஸ்கேனரை மாட்டியதும் பிடித்துக்கொண்டது, ஒரு டிரைவரும் கேட்கவில்லை. பெரிய மிஷினை நெட்வொர்க்கில் அதுவே தேடிக் கண்டுபிடித்தது. சந்தோஷத்தில் ஆதார் கார்டு ஒன்றை இரண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன்.

டெஸ்க்டாப்பில் திரை வருகிறது, ஆனால் வீடியோ போட்டால் கிழிந்த மாதிரி ஓடுகிறது, ஒருமுறை உறைந்தே போனது. சின்ன பிரிண்டர் சுத்தமாக வேலை செய்யவில்லை. பெயரைக் காட்டுகிறது, பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் நிற்கிறது, பேப்பர் அசைய மாட்டேன் என்கிறது. அந்தக் கம்பெனிக்காரர்களை நான் என்ன சொல்லட்டும்...

நிர்வாகி · செவ்வாய், காலை 7:10

கம்பெனியின் பெயர் வேண்டாம் அண்ணா. போன தடவை அப்படித் தொடங்கிய இழை நாற்பது பதிவுக்கு வசை மழையாகி, பூட்ட வேண்டியதாயிற்று.

பென்குயின்_அக்கா · செவ்வாய், இரவு 9:55

டெஸ்க்டாப் சுலபம். அந்தக் கார்டைக் கழற்றிவிடுங்கள். ஜிடி 710 கெப்ளர் காலத்துச் சரக்கு, என்விடியாவின் 470 வரிசை டிரைவரோடு அதன் ஆதரவு முடிந்தது. நூவோ என்ற கட்டற்ற டிரைவரில் ஓரளவு ஓடும், அவ்வளவுதான். உங்கள் ஆறாம் தலைமுறை ஐ5க்குள்ளேயே இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கும், கடை வேலைக்குத் தாராளம். மானிட்டர் வயரைக் கார்டிலிருந்து எடுத்து மதர்போர்டில் குத்துங்கள். பலர் கார்டைக் கழற்றிவிட்டு "டிஸ்ப்ளே வரவில்லை" என்று கேட்பார்கள், வயர் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்.

பிரிண்டர் கதை கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெரிய மிஷினுக்குள் ஒரு சின்னக் கணினியே இருக்கிறது. அதற்கு போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் மாதிரியான பொது மொழி தெரியும். "இந்த இடத்தில் இந்த எழுத்து" என்று அனுப்பினால் பக்கத்தை அதுவே வரைந்துகொள்ளும். விலை குறைவான சின்ன லேசர்களில் பலவற்றுக்கு அந்த மூளை கிடையாது. பக்கம் முழுவதையும் கணினியே புள்ளி புள்ளியாக வரைந்து, அந்தக் கம்பெனிக்கு மட்டும் புரிகிற வடிவத்தில் அனுப்ப வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். கம்பெனி விண்டோஸுக்கு மட்டும் அதை எழுதிவிட்டு, லினக்ஸுக்கு ஒரு பழைய 32 பிட் பொட்டலத்தோடு நிறுத்திவிட்டால் பிரிண்டர் ஊமையாகிவிடும். லட்ச ரூபாய் மிஷின் ஒரே நிமிடத்தில் ஓடி, ஐயாயிரம் ரூபாய் பிரிண்டர் மக்கர் செய்வது அதனால்தான்.

எல்லாச் சின்ன லேசரும் அப்படியல்ல. நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்க்கும் எச்பி லேசர்ஜெட் 1020க்கும் சொந்த மூளை குறைவுதான். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபெர்ம்வேரை (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) கணினிதான் ஊட்ட வேண்டும். ஆனால் எச்பிலிப் என்ற தொகுப்பும் அதன் பிளகினும் போட்டுவிட்டால் அதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும், வருடக்கணக்கில் ஓடும்.

இனி புதிதாக வாங்கினால் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஐபோனுக்காகச் செய்த வசதிதான், ஆனால் அது இருக்கும் பிரிண்டர் லினக்ஸில் தனி டிரைவர் இல்லாமலே ஓடும்.

ஒரு கொசுறு. இந்தக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு விதை போட்டதே ஒரு பிரிண்டர் தகராறுதான். எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு லேசர் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி செய்ய ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். பழைய பிரிண்டருக்கு அப்படிச் செய்திருந்தார்கள். புது பிரிண்டரின் மூல நிரலைக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் வளர்ந்து 1983இல் க்னூ திட்ட அறிவிப்பாக வந்தது. அந்த பிரிண்டர் எந்தக் கம்பெனி தெரியுமா? ஜெராக்ஸ். நிர்வாகி ஐயா, இது வரலாறு, வசை இல்லை.

சும்மா_சொல்றேன் · செவ்வாய், இரவு 10:20

ஆக, சோறு போடுகிற பிரிண்டர் ஓடவில்லை. இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

எஸ்பிரோடு_ரிப்பேர் · செவ்வாய், இரவு 10:34

ஓடாவிட்டால் அதை விண்டோஸிலேயே விடுவதுதானே தம்பி? மூன்று கணினியும் ஒரே நாளில் மதம் மாற வேண்டும் என்று யார் சொன்னது. செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் விண்டோஸ் 10ஐ அப்படியே வைத்து, வைஃபையை அணைத்து, சின்ன பிரிண்டருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். கோப்புகளை லினக்ஸ் டெஸ்க்டாப்பில் திறந்து, பிடிஎஃப் ஆக்கி, கடையின் சொந்த பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். வாடிக்கையாளர் பென் டிரைவ் அந்த லேப்டாப் பக்கமே போகக் கூடாது. கோரல்டிரா கோப்பு கொண்டுவருகிற கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்கும் அதுவே ஆகும்.

ஜெராக்ஸ்_ஸ்ரீராமபுரம் · புதன், இரவு 11:05

இது எனக்குப் பிடித்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் கார்டைக் கழற்றி மின்ட் ஏற்றிவிட்டேன். (வயரை மாற்றிக் குத்த மறந்தேன் அக்கா. ஐந்து நிமிடம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) நுடி எழுத்துருவில் கன்னட மனு கொண்டுவருகிறவர்கள் நிறைய. அந்த எழுத்துருக் கோப்புகளைக் காப்பி செய்து போட்டதும் சரியாகத் தெரிகிறது. தமிழ் பாமினி கோப்புகளும் அப்படியே.

இப்போது மகளின் லேப்டாப். லைவில் எல்லாம் ஓடுகிறது, ஆனால் இன்ஸ்டால் செய்யும் இடத்தில் எஸ்எஸ்டியே தெரியவில்லை. பென் டிரைவை மட்டும் காட்டுகிறது. எஸ்எஸ்டி கெட்டுவிட்டதா என்று அவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

எஸ்பிரோடு_ரிப்பேர் · வியாழன், காலை 8:40

கெடவில்லை அண்ணா, பாப்பாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பயாஸில் (கணினி ஆன் ஆனதும் நுழையக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) ஸ்டோரேஜ் என்ற இடத்தில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று ஆன் ஆகியிருக்கும். இன்டெலின் ரெய்டு ஏற்பாடு அது, எஸ்எஸ்டியை ஒரு திரைக்குப் பின்னால் வைத்துவிடும். அதை ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் நேரே போய் மாற்றாதீர்கள். மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது. வரிசை முக்கியம்:

முதலில் விண்டோஸுக்குள் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். புது லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். அதன் மீட்புச் சாவி 48 இலக்கம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள், உங்களிடம் பேப்பருக்கா பஞ்சம். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் கருவியில் பூட் பகுதிக்குப் போய் சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட். விண்டோஸ் எழுவதற்கு முன்பே பயாஸுக்குள் நுழைந்து ஏஹெச்சிஐக்கு மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து, தேவையான டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். மறுபடி எம்எஸ்கான்ஃபிக்கில் டிக்கை எடுத்து ரீஸ்டார்ட். முடிந்தது.

சேஃப் மோடில் நான்கு இலக்க பின் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் முழு பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கட்டும். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள்தான் அதிகம்.

பென்குயின்_அக்கா · வியாழன், காலை 9:20

கூடவே விண்டோஸின் பவர் ஆப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடச் சொல்லுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

இன்னொன்று. அந்தத் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் பழைய ஆழ்ந்த தூக்க முறை கிடையாது. மூடியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போனால் பேட்டரி இறங்கலாம். காலேஜுக்குக் கிளம்பும்போது ஷட் டவுன் செய்வது நல்லது.

ஜெராக்ஸ்_ஸ்ரீராமபுரம் · சனி, இரவு 8:15

இரண்டும் பூட் ஆகிறது. ரிப்பேர் அண்ணனுக்கு மகள் நன்றி சொல்லச் சொன்னாள். பாஸ்வேர்டு மறந்துதான் போயிருந்தது, முன்னமே மாற்றி வைத்ததால் தப்பித்தோம்.

ஆனால் ஒரு புதுக் கூத்து. மத்தியானம் லினக்ஸில் ஏதோ படித்துவிட்டு, சாயங்காலம் விண்டோஸுக்கு வந்து பில் போட்டாள். ஆறு மணிக்கு வந்த வாடிக்கையாளருக்குப் பில்லில் பகல் 12:30. அவர் ஆபீஸில் காட்ட வேண்டிய பில். "அந்த நேரத்தில் நான் ஆபீஸில் இருந்தேன், கையெழுத்தே இருக்கிறது" என்று திரும்பி வந்து நிற்கிறார். மதர்போர்டு கடிகாரத்தை ஓட்டும் சிமோஸ் பேட்டரி போய்விட்டதா?

கேஜிஎஃப்_பாசஞ்சர் · சனி, இரவு 8:22

பேட்டரி இல்லை அண்ணா. சரியாக ஐந்தரை மணி நேரம் குறைகிறது பாருங்கள், அதுவே பதில். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கும். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1) என்று ஒருமுறை கொடுங்கள். பிறகு விண்டோஸில் நேரத்தை ஒருமுறை சரிசெய்தால் போதும்.

ஜெராக்ஸ்_ஸ்ரீராமபுரம் · சனி, இரவு 8:50

சரியாகிவிட்டது தம்பி. அவருக்கு ஆறு மணி போட்டு வேறு பில் எடுத்துக் கொடுத்துவிட்டேன், கிழட்டுப் பிரிண்டரில்.